நாலாம் வகுப்பில் ஒரு வாரம்: பாடப்புத்தகம் எங்கே என்று கேட்ட தங்கைக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஊரிலிருந்து கலிஃபோர்னியா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மகனை நாலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் பாடப்புத்தகம் வருவதில்லை, வீட்டுப்பாடம் பேருக்குத்தான் இருக்கிறது, பரீட்சை அட்டவணை என்று எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை பையில் ஒரு ஃபோல்டர் மட்டும் வருகிறது. “உண்மையிலேயே ஏதாவது சொல்லிக்கொடுக்கிறார்களா, இல்லை நாம் வீட்டில் பிடித்து உட்காரவைக்க வேண்டுமா? கணக்கு டியூஷனில் சேர்த்துவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லிக்கொடுக்கிறார்கள் தங்கச்சி, நிறையவே. ஆனால் ஊரில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பார்க்க எங்கே கண்ணை வைப்போமோ, அங்கே பார்த்தால் இங்கே ஒன்றும் தெரியாது. புத்தகத்தில் எத்தனையாவது பாடம், நோட்டில் எத்தனை பக்கம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. இங்கே நாலாம், ஐந்தாம் வகுப்பு வாரக் கணக்கில் நகர்கிறது. திங்களன்று ஒன்றைத் தொடங்கி வெள்ளிக்குள் ஒரு சுற்று முடிப்பார்கள். அந்த ஒரு வாரத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் தொடக்கப்பள்ளி படித்தார்கள். வாரத்தில் ஒரு காலை வகுப்பில் உதவிக்கு நானும் போய்க்கொண்டிருந்தேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபோல்டர். சில பள்ளிகளில் வெள்ளிக்கிழமை வரும், சில இடங்களில் புதன் அல்லது வியாழன். திருத்திய தாள்கள், ஸ்பெல்லிங் டெஸ்ட், பாதி எழுதிய பத்தி, கையெழுத்துப் போட வேண்டிய படிவம், எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கூடவே டீச்சரிடமிருந்து வாரக் கடிதம் ஒன்று வரும். பெரும்பாலும் பேரன்ட்ஸ்கொயர் மாதிரி ஒரு செயலியிலோ மின்னஞ்சலிலோ வருவதால், வேலை மின்னஞ்சல்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போய்விடும். இந்த வாரம் கணக்கில் என்ன, வாசிப்பில் என்ன, எந்தச் சொற்கள், எந்த நாள் சீக்கிரம் விடுவார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். பல பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள், டீச்சர்கள் கூடித் திட்டமிடுவதற்காக, பிள்ளைகளை முன்னதாகவே விட்டுவிடுவார்கள். அது எந்தக் கிழமை என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை பையனோடு உட்கார்ந்து படியுங்கள். பாடப்புத்தகம் எங்கே என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இதுதான்.

சரி, கணக்கு. நம் ஆட்கள் அதிகம் பதறுவது இங்கேதான். பையன் ஊரில் நீள் வகுத்தல் வரை போட்டுப் பழகியிருப்பான். இங்கே வந்து பார்த்தால் 23-ஐ 14-ஆல் பெருக்க ஒரு கட்டம் போட்டு, நாலாகப் பிரித்து, 200, 80, 30, 12 என்று எழுதி, பிறகு கூட்டி 322 என்கிறார்கள். “இவ்வளவு சுற்றி வளைப்பானேன்?” என்று தோன்றும். இதற்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. பல அமெரிக்க மாநிலங்களுக்குப் பொதுவான, கலிஃபோர்னியா 2010-இல் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரத்தின்படி, நாம் போடும் வழக்கமான முறையில் கூட்டல் கழித்தல் சரளமாக வர வேண்டியது நாலாம் வகுப்பில். பெருக்கல் ஐந்தாம் வகுப்பில். நீள் வகுத்தலோ ஆறாம் வகுப்பில்தான். அதற்கு முன்னால் எண்ணைப் பிரித்துப் பார்க்கவும், விடை ஏன் அப்படி வருகிறது என்று சொல்லவும் பழக்குகிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்குத் தெரிந்தது வீண் இல்லை. அவனுக்குத் தெரிந்த முறைக்கு இங்கே நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். விடை சரியாக இருந்தும் தாளில் “விளக்கு” என்று எழுதித் திருப்பித் தந்தால், டீச்சரைக் கோபிக்காமல் அந்த விளக்கத்தை அவன் வாயால் சொல்லவையுங்கள். தமிழில் சொன்னாலும் போதும். தமிழில் தெளிவாகச் சொல்ல வந்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவது வெறும் சொற்களின் வேலைதான்.

கணக்கில் அவன் உண்மையிலேயே தடுமாறப்போகும் இடங்கள் வேறு. நாலாம் வகுப்பில் பத்து லட்சம் வரை எண்கள் வரும், இங்கே அது ஒரு மில்லியன். 10,00,000 என்று கமா போட்டுப் பழகிய கை 1,000,000 என்று போட வேண்டும். அங்குலம், அடி, பவுண்டு, அவுன்ஸ் எல்லாம் வரும். தேதியில் மாதம் முன்னால் வரும். இவற்றில் எதற்கும் டியூஷன் தேவையில்லை. அளவுகோல் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டில் இருக்கும் மேசை நாற்காலியை எல்லாம் அளக்கச் சொன்னாலே வந்துவிடும். பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கட்டும். ஓரிலக்கப் பெருக்கல் எல்லாம் மூன்றாம் வகுப்பு முடிவிலேயே மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பது இங்கும் விதிதான். “இங்கே மனப்பாடமே கிடையாது” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அதைவிட நீங்கள் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டியது வாசிப்பிலும் எழுத்திலும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. இங்கே நாலாம், ஐந்தாம் வகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் திணறுவதும் அங்கேதான். டீச்சர் ஒரு பத்தி கொடுப்பார். படித்ததும் கேள்வி வரும்: “இந்தப் பெண் ஏன் திரும்பிப் போனாள் என்று நினைக்கிறாய்? எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?” கேள்வியில் உள்ள சொற்களைத் தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்துப் பழகிய பிள்ளைக்கு இது விளங்காது. தன் கருத்து ஒன்று, அதற்குச் சான்று ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு வாக்கியம். வாரம் முழுக்க இதே பயிற்சிதான் வேறு வேறு வடிவத்தில் நடக்கும்.

எழுத்து மூன்று வகை: தன் கருத்தைச் சொல்வது, ஒன்றைப் பற்றித் தகவல் தருவது, கதை சொல்வது. ஒரு வாரத்தில் ஒரே ஒரு பத்திதான் முடிந்திருக்கும், பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரியும். திங்களன்று யோசனையைக் கிறுக்குவார்கள், அடுத்த நாள் முதல் வரைவு, அப்புறம் பக்கத்துப் பிள்ளையிடம் படித்துக் காட்டித் திருத்துவது, அதன் பிறகு எழுத்துப்பிழை பார்ப்பது, கடைசியில் க்ரோம்புக் என்ற சின்ன மடிக்கணினியில் தட்டச்சு. ஐந்தாறு பிள்ளைகளை ஒரு மேசையில் கூட்டி வைத்து, ஒவ்வொருவரின் ஒரு வாக்கியத்தையும் டீச்சர் எடுத்துப் பேசுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊரில் எனக்கு அந்த வயதில் யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன். அந்தப் பாதி எழுதிய தாள்களைக் குப்பையில் போடாதீர்கள். வரைவில் டீச்சர் ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புதான் மதிப்பெண்ணைவிட முக்கியம்.

இன்னொன்று, இணையத்திலிருந்தோ புத்தகத்திலிருந்தோ அப்படியே எடுத்து எழுதுவதை இங்கே மிகக் கடுமையாகப் பார்ப்பார்கள். ஊரில் நோட்டைப் பார்த்து அட்சரம் பிசகாமல் எழுதியதற்குப் பாராட்டு வாங்கிய பிள்ளைக்கு இதை வீட்டில்தான் பொறுமையாகப் புரியவைக்க வேண்டும்.

வீட்டில் தினமும் 20 நிமிடம் வாசிக்கச் சொல்வார்கள். அதுதான் பல வகுப்புகளில் உண்மையான வீட்டுப்பாடம். அதை லேசாக எண்ணிவிடாதீர்கள். பொது நூலக அட்டை இலவசம், இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

சமூக அறிவியலில் இந்த வருடம் முழுக்க கலிஃபோர்னியா மாநில வரலாறுதான். இங்கு முன்பே வாழ்ந்த பழங்குடி மக்கள், 1769-இல் சான் டியேகோவில் தொடங்கி வரிசையாக எழுந்த 21 ஸ்பானிய மிஷன்கள் (கிறிஸ்தவப் பாதிரிமார் மதம் பரப்ப அமைத்த குடியிருப்புகள்), 1848-இல் கொலோமாவில் தங்கம் கிடைத்தது, 1850-இல் மாநிலமானது என்று போகும். முன்பெல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மிஷன் கட்டடத்தை அட்டையில் செய்து கொண்டுபோவார்கள், பெற்றோர்தான் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டுவார்கள். 2016-இல் வந்த மாநிலப் பாடவழிகாட்டி அந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த மிஷன்களில் பழங்குடி மக்கள் பட்ட பாட்டை அட்டைக் கட்டடம் சொல்லாது என்பதால் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இந்த வரலாறு உங்களுக்கும் புதிது. பையனோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள், அவன் உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.

அறிவியலில் ஆற்றல், அலைகள், மண் அரிப்பு, நிலநடுக்கம் எல்லாம் வரும், செய்துபார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். அக்டோபர் மூன்றாம் வியாழன் மாநிலமெங்கும் நிலநடுக்க ஒத்திகை நடக்கும். மேசைக்கடியில் குனிந்து, தலையை மூடி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அன்று பயந்துவிடுவான். விளையாட்டு வகுப்பு பத்துப் பள்ளி நாட்களுக்கு 200 நிமிடம் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணாமல் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

சுற்றுலாப் படிவம் வந்தால் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். படிவம் இல்லாமல் கூட்டிப்போக மாட்டார்கள். கூடவே ஒரு தொகை எழுதியிருக்கும், அது நன்கொடைதான். பணம் தர முடியவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சுற்றுலாவிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தயங்காமல் அலுவலகத்தில் பேசுங்கள்.

சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். தமிழ் என்று எழுதினால் பையனை ஒதுக்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்தப் பேச்சு நம்மவர்களிடம் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, எனக்கு இதில் வருத்தம் உண்டு. தமிழ் என்று உண்மையை எழுதினால், சேர்ந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்ப்பார்கள். நன்றாகச் செய்தால் விஷயம் அதோடு முடிந்தது. இல்லையென்றால் தினமும் ஆங்கிலத்துக்கென்று தனியாகக் கொஞ்ச நேரம் உதவி கிடைக்கும், மற்றபடி அதே வகுப்பில்தான் இருப்பான். நான் மேலே சொன்ன எழுத்துச் சிக்கலுக்கு இதைவிட நல்ல உதவி வெளியில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதை நாமே மறுத்துவிடுவது பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

மதிப்பெண் அட்டை வரும்போது 4-க்கு 3 என்று பார்த்து 75 சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். பல பள்ளிகளில் 1 முதல் 4 வரைதான் அளவு, 3 என்றால் இந்த வகுப்புக்குத் தேவையானது வந்துவிட்டது என்று பொருள். வசந்த காலத்தில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் கணினியில் மாநிலத் தேர்வு இருக்கும். ரேங்க் கிடையாது, அதற்காக வீட்டில் தனியாகத் தயார் செய்யவும் வேண்டாம்.

இனி டியூஷன். இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். புது நாடு, புது மொழி, மதியம் யாரோடு உட்காருவது என்ற கவலை, இத்தனையையும் அவன் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறான். அந்த நேரத்தில் ஏற்கெனவே தெரிந்த கணக்கையே இன்னும் நூறு போடவைத்தால் என்ன கிடைக்கும்? அந்த மாலையைத் தெருவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். வகுப்பில் “பக்கத்தில் இருப்பவரிடம் பேசு” என்று டீச்சர் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வார். விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அப்போது வாய் வரும்.

பல பள்ளிகளில் நவம்பர் வாக்கில் பெற்றோர் சந்திப்பு இருக்கும். பதினைந்து இருபது நிமிடம்தான் தருவார்கள், அதனால் “எப்படிப் படிக்கிறான்?” என்று பொதுவாகக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். எந்த வாசிப்புக் குழுவில் இருக்கிறான், எழுத்தில் அவன் அடுத்துக் கற்க வேண்டியது எது, புரியாதபோது கையைத் தூக்குகிறானா, யாரோடு சேர்ந்து வேலை செய்கிறான் என்று கேளுங்கள். ஃபோல்டரில் வந்த தாள்களில் இரண்டை எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டால் பேச்சு இன்னும் தெளிவாகப் போகும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. வகுப்பில் உதவிக்குப் போக விருப்பம் இருந்தால் அன்றே கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள், சில இடங்களில் கைரேகையும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசா) இருக்கும் நம் ஊர் அம்மாக்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள்.