யாருடைய நிம்மதிக்காக அறுவை?

கேள்வி: காரிமங்கலத்தில் இருக்கும் என் தாயாருக்கு வயது 61. முழு உடல் பரிசோதனையில் தைராய்டில் 7 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. ஊசிப் பரிசோதனையில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் என்று வந்தது. ஒரு மருத்துவர் சுரப்பியை முழுவதும் எடுக்கச் சொல்கிறார். நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து வரலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு அடிக்கடி விடுப்பு கிடைக்காது. ஒரேயடியாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே?
- ஓசூர் வாசகர்

பதில்: கழுத்து ஸ்கேன் பெருகிய பிறகு இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, போகிற போக்கில் எழுதிய அந்த விடுப்புக் கணக்குதான். வருடத்துக்கு இரண்டு நாள் ஸ்கேன் அறை வாசலில் தாயாரோடு உட்கார முடியாது என்பதற்காக, அவர் கழுத்தில் கத்தி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதை நீங்களே ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், தம்பி.

அறுத்தால் அலைச்சல் தீர்ந்துவிடும் என்பதும் தவறு. சுரப்பி முழுவதும் போய்விட்டால், ஆயுள் உள்ளவரை தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை விழுங்க வேண்டும், அளவு சரிதானா என்று அவ்வப்போது இரத்தம் பார்க்க வேண்டும். குரல் நரம்பு பழுதானால் குரல் கம்மிவிடும். ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் கெட்டால் கால்சியம் குறைந்து விரல்கள் மரத்து இழுக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால், அப்போது விடுப்பு எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான்.

தென்கொரியாவில் 1999இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் பரவியது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. இறப்பு வீதமோ அசையவேயில்லை. தேடிப் பிடித்தவற்றில் பெரும்பாலானவை யாரையும் கொன்றிருக்காத கட்டிகள் என்பதே இதன் பொருள். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட இத்தகைய கட்டிகளை 1993 முதல் அறுக்காமல் கண்காணித்து வருகிறது. அங்கே 1,235 பேரைக் கவனித்ததில், பத்து ஆண்டுகளில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது சுமார் 8 விழுக்காட்டினருக்குத்தான், முதியவர்களுக்கு இன்னும் குறைவு. இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருக்கிறதா என்று இரண்டாம் மருத்துவரிடம் கேளுங்கள். ஒட்டியிருந்தால் அறுவையே சரி. அப்போது தயங்க வேண்டாம்.

கடிதம் முழுவதும் தேடினேன், அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களை வளர்த்து ஆளாக்கியவருக்குத் தம் கழுத்தைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மருத்துவர்கள் இருவரும் சொன்னதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், அடுத்த ஸ்கேன் நாளுக்கான விடுப்பைத் திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.