விலைக்குக் காது உண்டா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுயநலத்தையே அடித்தளமாகக் கொண்டது தடையற்ற சந்தை. இரக்கமுள்ள சமுதாயம் வேண்டும் என்று சொல்லும் ஒருவர் அதை ஆதரிக்க முடியுமா? – பொருளியல் மாணவி ஒருவர்

பதில்: முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் சந்தை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு ஆதரிக்க வேண்டும். தன் உழைப்பின் பலன் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று விரும்புவது வேறு, அடுத்தவர் எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன என்று இருப்பது வேறு. சந்தைக்கு முன்னது போதும்.

சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற சிற்றூரில், 1978-ஆம் ஆண்டின் இறுதியில், 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது என்றும், அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்தபின் மிஞ்சுவதை அந்தந்தக் குடும்பமே வைத்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. அன்றைக்கு அது தண்டனைக்குரிய செயல். அடுத்த ஆண்டும் அதே நிலம், அதே மனிதர்கள்தாம். விளைச்சலோ பல மடங்கு பெருகியது. பின்னர் அரசே அந்த முறையை நாடெங்கும் ஏற்றுக்கொண்டது. சந்தையைப் போற்றுகிறவர்கள் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு உறுதிமொழியும் இருந்தது: இதற்காக ஊர்ப் பொறுப்பாளர்கள் சிறைக்குப் போக நேர்ந்தால், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது ஆகும்வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். என் விளைச்சல் எனக்கு என்று எழுதியவர்களே, உன் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்றும் எழுதினார்கள்.

கேள்வி: சந்தைதான் பொருள்களைச் சரியாகப் பங்கிடும் என்றால், பஞ்ச காலத்தில் மக்கள் ஏன் மடிந்தார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: விலை என்பது ஒரு செய்தி. எங்கோ ஒரு பொருள் அருகிவிட்டால், காரணம் அறியாதவர்கள்கூட விலை ஏறியதைக் கண்டு சிக்கனமாகிறார்கள். விற்பவர்கள் அந்த இடத்தை நோக்கிப் பொருளை அனுப்புகிறார்கள். கோடிக்கணக்கானோரிடம் சிதறிக்கிடக்கும் இந்த விவரங்களை எந்தத் திட்டக் குழுவாலும் திரட்டிவிட முடியாது என்று 1945-இல் பொருளியலாளர் ஹாயெக் வாதிட்டார். அந்த வாதத்துக்கு இன்றுவரை நல்ல மறுப்பு வந்ததாக நான் கருதவில்லை.

ஆனால் விலையின் காதில் தேவை விழுவதில்லை; காசோடு வரும் தேவை மட்டுமே விழுகிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சந்தையில் அழுகை மட்டும் போதாது. 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று கணக்கிடப்படுகிறது. அந்த ஆண்டின் உணவு இருப்பு, பஞ்சம் இல்லாத முந்தைய ஆண்டுகளைவிட அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை என்று 1981-இல் அமர்த்திய சென் வாதிட்டார். போர்க்காலச் செலவினால் நகரத்தில் வருமானம் ஏறியது, அரிசி விலை அதைவிட வேகமாக ஏறியது, கிராமத்துக் கூலியாளின் கூலி மட்டும் பின்தங்கியது. அரிசி காசு இருந்த பக்கம் போயிற்று. (பதுக்கலும், மாகாணங்களுக்கிடையே அரசு போட்டிருந்த தடைகளும் நிலைமையை இன்னும் கெடுத்தன, பழி முழுவதையும் சந்தையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.)

அப்படியானால் விலையையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில், நன்கொடையாக வரும் உணவை, ஏழைகளுக்கு இலவசமாக உணவு வழங்கும் ஏறத்தாழ 200 உணவு வங்கிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பு அப்படித்தான் இயங்கிவந்தது. இன்று அதன் பெயர் ஃபீடிங் அமெரிக்கா. வரிசையில் யாருடைய முறையோ அவருக்கு அன்றைக்கு வந்த சரக்கு என்பதே ஏற்பாடு. நியாயமாகத் தெரிந்த இந்த ஏற்பாட்டில், கிடங்கு நிறைய உருளைக்கிழங்கு வைத்திருப்பவருக்கு மேலும் உருளைக்கிழங்கு போய்ச் சேர்ந்தது.

2005-இல், சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்களின் உதவியுடன், அந்த அமைப்பு ஏல முறைக்கு மாறியது. பணத்துக்குப் பதிலாகப் புள்ளிகள். எந்த வங்கியின் பொறுப்பில் ஏழைகள் அதிகமோ அந்த வங்கிக்குப் புள்ளிகளும் அதிகம். தாம் ஒரு சோஷலிஸ்ட் என்றும், சந்தையில் நம்பிக்கை இல்லாததால்தான் உணவு வங்கி நடத்துவதாகவும் ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், அதுவரை எல்லாச் சரக்கையும் எடையை வைத்தே கணக்கிட்டுவந்தவர்களுக்கு, கெடாத தானிய உணவுக்கும் விரைவில் அழுகும் காய்கறிக்கும் வங்கிகள் தரும் மதிப்பில் எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை ஏலம்தான் காட்டிக்கொடுத்தது. அங்கே விலை இருந்தது, போட்டி இருந்தது. யாருடைய பையில் எவ்வளவு என்பதை மட்டும் சந்தை முடிவுசெய்யவில்லை, தேவை முடிவுசெய்தது. இரக்கம் தலையிட வேண்டிய இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து. விலையை அதட்டி அடக்கினால் கடையில் பொருள் மறையும். இல்லாதவன் கையில் வாங்கும் சக்தியைக் கொடுத்தால் அவன் குரலும் விலையின் காதில் விழும்.

கேள்வி: லாபத்துக்கு உச்சவரம்பு விதித்தால் என்ன?

பதில்: எவ்வளவு லாபம் என்பதை விட்டு, எப்படி வந்த லாபம் என்று கேளுங்கள். போட்டி உள்ள தொழிலில் ஒருவர் ஈட்டும் பெரிய லாபம் அடுத்தவரையும் அத்தொழிலுக்கு இழுத்துவந்து, தானே கரையும். ஏகபோகத்தால் வருவதும், ஆற்றில் கழிவைக் கொட்டிச் செலவை ஆற்றோரத்தில் வாழ்பவர் தலையில் சுமத்துவதால் வருவதும் அப்படிக் கரையாது. சட்டத்தின் கை நீள வேண்டியது அங்கேதான். ஒரே தொழிலைச் செய்பவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் முடியும் என்று 1776-இலேயே எச்சரித்தவர், சந்தையின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்.

கேள்வி: விலைக்கு விடவே கூடாதவை என்று எவையேனும் உண்டா?

பதில்: உண்டு. சிலவற்றுக்கு விலை வைத்தவுடனே அவற்றின் தன்மை மாறிவிடுகிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துச்செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். ஆய்வின் முடிவு 2000-இல் வெளியானது: தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்துத்தானே தாமதிக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை.

சிறுநீரக விற்பனையை ஏறக்குறைய எல்லா நாடுகளும் தடை செய்திருப்பதை நான் ஆதரிக்கிறேன். வறுமை பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது விற்பவரின் சம்மதத்தைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் பணத்தை விலக்கிவிட்டுச் சந்தையின் மூளையை மட்டும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கணவருக்குச் சிறுநீரகம் தர மனைவி தயார், ஆனால் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. வேறோர் ஊரில் இன்னொரு தம்பதிக்கும் இதே சிக்கல். இவருடையதை அவருக்கும் அவருடையதை இவருக்கும் பொருத்தும் ஏற்பாட்டை வகுத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் ஒரு காசும் கைமாறுவதில்லை. எனினும், ஒரு பக்கம் பெற்றுக்கொண்டபின் மறுபக்கம் மனம் மாறிவிடக் கூடாதே என்பதற்காக, இத்தகைய பரிமாற்றங்களில் நான்கு அறுவை சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் தொடங்குவதை வழக்கமாக வைத்திருந்தார்கள்.