தண்ணீரில் சாயம் இறங்கவில்லை என்றால் நல்ல மிளகாய்த்தூளா? கலப்படம் பற்றிக் கேள்வி பதில்

நகராட்சியில் உணவு ஆய்வாளராக இருந்து, 2011-இல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகி, அதே வேலையில் ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகளுக்குப் பதில் இதோ.

மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவிப் பார்த்தேன் சார். சாயம் இறங்கவில்லை. நம்பலாமா?

நம்ப முடியாது. தண்ணீரில் கரையும் சாயம் இல்லை என்பது வரைக்கும்தான் அது சொல்லும். மிளகாய்த்தூளில் நாங்கள் பயப்படுவது 'சூடான்' என்ற தொழிற்சாலைச் சாயத்துக்கு. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சரி, எண்ணெயில் போட்டுப் பார்க்கலாம் என்றால், சுத்தமான மிளகாயின் நிறமே எண்ணெயில் சிவப்பாக இறங்கும்! ஆய்வகத்தை விட்டால் வேறு வழி இல்லை. டீத்தூள் வேறு கதை. ஈரத்தாளில் தூவியதும் நிறம் பரவினால் சந்தேகப்படுங்கள்.

அப்படியென்றால் நானே ஆய்வகத்துக்குக் கொடுக்கலாமா? அதிகாரிதான் எடுக்க வேண்டுமா?

நீங்களே கொடுக்கலாம். நான் முதலில் சொன்ன சட்டம் 2006-இல் இயற்றியது; அதன் 40-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் கட்ட வேண்டும். பொருளில் குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். பலரும் சறுக்குவது ஒரு இடத்தில்: வாங்கும்போதே 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பாதி தின்ற பாக்கெட்டோடு என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன் அண்ணே. அதிகாரிகள் மாதிரி என்று எண்ணெய் எடுத்துப் போனார்கள். காசு கேட்டால் தப்பா?

தப்பே இல்லை. விற்கும் விலையை அவர்கள் கொடுத்தாக வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது. மாதிரியை நாலாகப் பிரித்து முத்திரையிடுவார்கள். ஒன்று ஆய்வகத்தில் சோதிக்கும் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம், அதாவது மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம். நாலாவதை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் அப்போதே கேட்கலாம். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். 31-ஆவது நாள் வந்து அழுதால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கலப்படம் உறுதி என்று செய்தி வருகிறது. ஆனால் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்களே ஐயா?

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'தரம் குறைந்தது' என்றால் அபராதம் 5 லட்சம் வரை, 'தவறான லேபிள்' என்றால் 3 லட்சம் வரை. இரண்டும் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் முடிந்துவிடும். 'பாதுகாப்பற்றது' என்று வந்தால்தான் நீதிமன்றம், சிறை எல்லாம். அதை உண்டு உயிர் போயிருந்தால் குறைந்தது 7 ஆண்டு.

பஞ்சுமிட்டாயே விற்கக் கூடாதா?

விற்கலாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தது ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததற்கு. துணிக்குப் போடுகிற சாயம் அது. சாயமே போடாத வெள்ளைப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை இல்லை.

பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து எண்ணெய் ஒற்றுவது?

செய்தித்தாளா? வேண்டவே வேண்டாம். சூட்டிலும் எண்ணெயிலும் அச்சு மை பஜ்ஜியில் ஏறும். 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளிலேயே தடை இருக்கிறது. உங்கள் ஊரில் வாழையிலைக்கா பஞ்சம்?