தோட்டத்து மருந்துக் காய்கள்: கேட்டதும் சொன்னதும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். மருந்துக்கு ஆகிற காய், பழச் செடிகளைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது செடி. வைத்தியம் எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியும் கேட்பீர்கள் என்று தெரியும்.

வேலந்தாவளம்: கடையில் வாங்கிய மணத்தக்காளி விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

மணத்தக்காளிக்கு விதை பாக்கெட் எதற்கு? சந்தையில் கீரைக்காரம்மாவிடம் பழுத்த பழம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் பிசைந்து அலசினால் சதை மேலே வரும், விதை அடியில் நிற்கும். அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். விதை எள்ளை விடச் சின்னது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மண் போட்டும் போடாமலும் ஒரு தூவல் மட்டும் விடுங்கள். அரை அங்குல ஆழத்தில் புதைத்திருப்பீர்கள், அதனால்தான் வரவில்லை. பூவாளியால் நீர் தெளித்து வந்தால் பத்து நாளுக்குள் முளை தெரியும்.

வாளையார்: மகன் மொபைல் ஆப்பில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாசலில் இருப்பது பெல்லடோனா, கொடிய விஷம், உடனே பிடுங்குங்கள் என்கிறான். நாங்கள் தலைமுறையாகக் குழம்பு வைத்துச் சாப்பிடுவது அதைத்தான். பயமாக இருக்கிறது.

பிடுங்க வேண்டாம், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்லடோனா ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கத்துச் செடி. நம் வாசலில் தானாக முளைப்பதில்லை. நீங்கள் சாப்பிடுவது மணத்தக்காளி. இரண்டும் கத்திரிக்காய்க் குடும்பம்தான் என்பதால் ஆப் குழம்புகிறது.

பூவைப் பாருங்கள். மணத்தக்காளிப் பூ வெள்ளை, மிளகாய்ப் பூவை விடச் சின்னது, நடுவில் மஞ்சள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெல்லடோனாப் பூ மங்கிய ஊதா நிறத்தில் மணி மாதிரி தொங்கும். காயிலும் வித்தியாசம் உண்டு. மணத்தக்காளி ஒரே காம்பிலிருந்து நாலைந்து, ஏழெட்டு என்று கொத்தாகப் பட்டாணி அளவில் தொங்கும், மேலே ஒரு சின்னத் தொப்பி மட்டும் இருக்கும். பெல்லடோனா ஒற்றைக் காய், அதை விடப் பெரியது. பழத்தை விட அகலமாக விரிந்த ஐந்து இலை நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்தால் ஆப் தேவையில்லை.

மகன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் உண்டு. மணத்தக்காளியின் பச்சைக் காயிலும் சோலனின் வகை நச்சு இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் குறையும். குழந்தைகள் செடியிலிருந்து பறித்துத் தின்பதானால் முழுசாகப் பழுத்து, தொட்டால் கையோடு வருகிற பழம் மட்டும்தான். பச்சைக் காயைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பொள்ளாச்சி: எங்கள் வீட்டில் பழம் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுக்கிறது. பக்கத்து வீட்டில் கறுப்பு. எது அசல்?

இரண்டும் மணத்தக்காளிதான். தனித்தனி இனம். தாவரவியல் பெயரில் சொன்னால், கறுப்பாகப் பழுப்பது சொலானம் நைக்ரம், சொலானம் அமெரிக்கானம் வகையறா. சிவப்பு சொலானம் வில்லோசம். இரண்டையும் நம் ஊரில் கீரையாகவும் வற்றலாகவும் சாப்பிடுகிறார்கள். சண்டை வேண்டாம்.

நென்மாறை: கத்திரிச் செடி காலையில் நன்றாக நிற்கிறது, மதியம் தலை தொங்குகிறது, நாலு நாளில் பச்சையாகவே சாகிறது. சுண்டையில் ஒட்டுக் கட்டினால் தப்பிக்கும் என்கிறார்கள், உண்மையா?

இந்த மாதிரிக் கேள்வி கேளுங்கள், ராத்திரி முழுக்க எழுதுவேன்.

முதலில் என்ன நோய் என்று பாருங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உங்கள் பக்கத்துப் புளிப்பு மண்ணுக்கும் மழைக்கும் அது ராஜாவாக வாழும். மருந்து அடித்து நிறுத்த முடியாது, மண்ணிலேயே இருக்கிறது.

சுண்டை வேர் அந்தக் கிருமிக்கு அவ்வளவு எளிதில் மசியாது. வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். அதனால்தான் கத்திரியை அதன் மேல் ஒட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: சுண்டை விதை முளைக்கச் சோம்பல்படும், நாற்றும் மெதுவாக வளரும். அதனால் சுண்டையை முதலில் விதைத்து, அது முளைத்து நாலு இலை விட்ட பிறகு கத்திரியை விதையுங்கள். இரண்டு தண்டும் ஒரே தடிமன் ஆனதும், சுண்டையின் தலையை வெட்டி நடுவில் பிளேடால் பிளந்து, கத்திரி நுனியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, கிளிப் போடுங்கள். ஒரு வாரம் நிழலிலும் ஈரக் காற்றிலும் மூடி வைக்க வேண்டும். நட்ட பிறகு ஒட்டு வாய் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். கீழே சுண்டையிலிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள், விட்டால் கத்திரியை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும்.

ஒட்டுக் கட்டப் பொறுமை இல்லையென்றால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வாடல் தாங்கும் ரகங்கள், சூர்யா, ஹரிதா போன்றவை, இருக்கின்றன. உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விசாரியுங்கள்.

கோவிந்தாபுரம்: சர்க்கரைக்குச் சுண்டை வற்றல் பொடி எத்தனை ஸ்பூன்?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

ஆனைமலை: மேலே பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னது தப்பு. கறுப்பு மணத்தக்காளி காட்டுச் செடி, விஷம். எங்கள் அம்மாயி சிவப்பை மட்டும்தான் சமைப்பார்கள்.

உங்கள் அம்மாயிக்கு என் வணக்கம். அவர்கள் தோட்டத்தில் சிவப்பு இருந்தது, சிவப்பைச் சமைத்தார்கள். அதிலிருந்து கறுப்பு விஷம் என்று எப்படி வரும்? நிறத்தை வைத்து விஷம் சொல்ல முடியாது. கறுப்பிலும் சிவப்பிலும் பச்சைக் காய்தான் ஆபத்து.

முதலமடை: நெல்லி மரம் ஏழு வருடம் ஆகிறது. சுற்றிலும் மாந்தோப்பு. பூக்கிறது, காய்க்கவில்லை. உப்பு போடச் சொல்கிறார்கள்.

உப்பு வேண்டாம். ஒரே மரம்தானே வைத்திருக்கிறீர்கள்? பெருநெல்லியில் ஒரே கிளையில் ஆண் பூக்கள்தான் ஏராளம், பெண் பூ கொஞ்சம். பல ரகங்களில் தன் மகரந்தம் தனக்குச் சரியாகப் பிடிக்காது. வேறு ரகம் ஒன்று பக்கத்தில் வேண்டும். பவானிசாகர் ஒட்டு ஒன்றோ, என்ஏ-7 ஒன்றோ இருபது அடிக்குள் நடுங்கள். இடம் இல்லையென்றால் இருக்கும் மரத்தின் ஒரு கிளையிலேயே வேறு ரகத்தை ஒட்டிவிடலாம். இன்னொன்று, சுற்றிலும் மாந்தோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மாம்பூவுக்கு மருந்து அடிக்கிற நாளில் தேனீ வராது. தோப்பு ஓரத்தில் வளர்கிற கீரை, தூதுவளை, மணத்தக்காளி எதையும் அந்தச் சமயம் பறிக்காதீர்கள்.

கோபாலபுரம்: சர்க்கரைக்கு நாவல் கொட்டைப் பொடி...

மேலே கோவிந்தாபுரத்துக்குச் சொன்னதுதான். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பொள்ளாச்சி (மறுபடியும்): நான் கேட்ட கேள்வியால் எங்கள் தெருவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கறுப்புக் கட்சிக்காரர், சிவப்புதான் விஷம், சிவப்பு என்றாலே எச்சரிக்கை என்கிறார்.

அப்படியானால் தக்காளியையும் மிளகாயையும் அவர் விட்டுவிட வேண்டியதுதான். நான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வளர்க்கிறேன். என் கண்ணில் படுகிற வித்தியாசம் இது: கறுப்புப் பழம் முற்றினால் லேசாகத் தட்டினாலும் உதிரும், அதனால் வற்றலுக்குக் காலம் பார்த்துப் பறிக்க வேண்டும். சிவப்புப் பழம் உள்ளே பார்த்தால் விதை தெரிகிற மாதிரி கண்ணாடித் தோல். என் நாக்குக்குச் சிவப்பில் இனிப்பு ஒரு பிடி கூட. தெருக்காரர்களுக்கு இரண்டிலும் வற்றல் போட்டுக் குழம்பு வையுங்கள், கட்சி கலைந்துவிடும்.

ஆனைமலை: அப்படியானால் எதைச் சாப்பிடக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, இது நல்ல கேள்வி. தெரியாத இடத்தில் தானாக முளைத்த செடியின் காயை வாயில் வைக்காதீர்கள். விதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்த செடியாக இருக்கட்டும். சமைத்த பிறகும் வழக்கத்தை மீறிக் கசந்தால் கொட்டிவிடுங்கள், வேகவைத்தால் நச்சு முழுசாகப் போய்விடாது. கீரை பறிக்கும்போது குப்பைமேட்டு ஊமத்தைக் கன்று கலந்துவிடாமல் பாருங்கள், இளசில் கவனிக்காவிட்டால் ஏமாற்றும். இதோடு கறுப்பு சிவப்பு முடிந்தது. இனி யார் கேட்டாலும் பதில் இல்லை.

செங்கோட்டை: பன்றி, மாடு தாண்டாத உயிர்வேலி, மருந்துக்கும் ஆக வேண்டும்.

களா. மூன்றடிக்கு ஒன்று நடுங்கள், வருடம் ஒரு முறை தலை வெட்டினால் முள் பின்னிக்கொள்ளும். விதை உலர்ந்து போனால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும், பழம் தின்ற அன்றே விதைத்துவிடுங்கள். காயை வெட்டினால் பால் ஒட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்குக் காய், தின்னப் பழம். பேக்கரி கேக்கில் செர்ரி என்று வைப்பதில் பல இந்தக் களாதான், சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறியது.

எருத்தியாம்பதி: குன்றிமணிக் கொடியும் மருந்துதானே, வேலியில் ஏற்றலாமா?

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். முழு விதையை விழுங்கினால் ஓடு கெட்டி என்பதால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ உடைத்தாலோ உள்ளே இருக்கிற அப்ரின் உயிரை வாங்கும். அழகாக இருக்கிறதே என்று மணி கோக்கத் துளை போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு, கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி வேறு. விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திருத்தணி: மணத்தக்காளி இலை ஜல்லடையாகிவிட்டது. நரம்பு மட்டும் மிச்சம்.

இலையைத் திருப்புங்கள். மஞ்சள் முட்டைகள் நிறுத்தி வைத்த மாதிரி கொத்தாக இருக்கும், பக்கத்தில் முள் முள்ளாக மஞ்சள் புழு. புள்ளி வண்டின் பிள்ளைகள். முட்டை உள்ள இலையைக் கிள்ளி நசுக்கினாலே பாதி தீரும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டை 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடியில் படும்படி அடியுங்கள்.

கொல்லங்கோடு: சர்க்கரைக்கு...

இல்லை.

மீனாட்சிபுரம்: ஆடி மழையில் மணத்தக்காளி வற்றல் போட்டால் பூசணம் பிடிக்கிறது. காய் வீணாகப் போகிறது.

மழையில் போடாதீர்கள், அவ்வளவுதான். காயை லேசாகக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் வற்றும் வரை இது நடக்கும். நடுவில் ஒரு நாள் வெயில் இல்லாவிட்டால் வழுவழுப்பு ஏறும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தை, மாசியில் வறட்சியாக வீசும், அப்போது பாயில் பரப்பினால் சட்டென்று சலசலக்கிற அளவுக்குக் காய்ந்துவிடும். பாயின் நான்கு மூலையிலும் கல் வையுங்கள், இல்லையென்றால் வற்றல் பக்கத்துக் காட்டில் கிடக்கும். இப்போது செடியில் இருக்கிற காயைப் பழுக்க விட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள்.