பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கேள்வி அட்டையா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் நாத்தனார், சென்ற விடுமுறைக்கு வந்தபோது 'ட்ரிவியல் பர்சூட்' என்ற பொது அறிவுப் பலகை விளையாட்டை வாங்கி வந்தார். 72 வயது மாமியார் முதல் 9 வயது மகன் வரை ஆறு பேர் உட்கார்ந்து ஆடினால், ஒவ்வொரு முறையும் என் கொழுந்தனாரே ஜெயிக்கிறார். மகன் பாதியில் எழுந்து போய்விடுகிறான். மாமியாரோ, "எனக்கென்ன தெரியும், நீங்கள் ஆடுங்கள்" என்று அடுக்களைக்குப் போய்விடுகிறார். எல்லோரும் சேர்ந்து ஆட வழி உண்டா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மாமியாருக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் சொன்னாலும் நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த விளையாட்டை 1979 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் உருவாக்கினார்கள். ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தபோது அதில் சில எழுத்துக் காய்கள் தொலைந்திருக்கக் கண்டு, நாமே ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன என்று அவர்கள் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவர்கள் வயதில், அவர்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், பனி ஹாக்கி வீரர்கள் என்றே கேள்விகள் அமைந்தன. பின்னர் பல நாடுகளுக்கும் பல வயதினருக்கும் தனிப் பதிப்புகள் வந்திருந்தாலும், வட அமெரிக்கக் கடையில் வாங்கிய பெட்டியில் உங்கள் மாமியார் அறிந்த உலகம் இருக்க வாய்ப்பில்லை.

ஆகவே பலகையையும், ஒவ்வொன்றும் ஒரு துறையைக் குறிக்கும் ஆறு நிறங்களையும் வைத்துக்கொண்டு, கேள்வி அட்டைகளை நீங்களே எழுதுங்கள் என்பதே என் யோசனை. சிறுவனுக்காகக் கேள்விகளை எளிதாக்குவது பலன் தராது. தனக்கென்று சலுகை காட்டப்படுவதைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, வீட்டில் ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்து கேள்விகள் எழுதட்டும். மாமியார் சொல்லச் சொல்லப் பேரன் எழுதலாம். ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு? எட்டு. இரண்டு ஆழாக்கு சேர்ந்தால் என்ன? உழக்கு. ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா? பதினாறு. 1957 ஏப்ரலில் அணாவுக்கு மாற்றாக நயா பைசா புழக்கத்துக்கு வந்தபோது சிறுமியாக இருந்தவர் உங்கள் மாமியார். ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும் கொழுந்தனார் இந்தக் கேள்விகளில் திணறக்கூடும். உங்கள் கணவர் 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் எடுத்த 175 ரன்களைப் பற்றி எழுதுவார். பையன் 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் ஊர்தியின் பெயரைக் கேட்பான். தான் எழுதிய அட்டை தனக்கே வந்தால் அதை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

எண்ணை விடையாகக் கொண்ட கேள்விகளையும் நிறையச் சேருங்கள், ஏனென்றால் விடை தெரியாதவர்களும் அவற்றில் கலந்துகொள்ள முடியும். எல்லோரும் தாளில் ஓர் எண்ணை எழுதி ஒரே நேரத்தில் காட்ட, சரியான விடையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் வந்தவர் வெல்வார். 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த 'விட்ஸ் அண்ட் வேஜர்ஸ்' என்ற விளையாட்டின் அடிப்படையே இதுதான். உதாரணமாக, கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து எத்தனை அடி என்று கேட்டால், அதிகாரங்களின் எண்ணிக்கை நினைவிலிருப்பவர் 133 என்று ஊகித்துவிடலாம். பீடம் மட்டும் எத்தனை அடி என்பது இன்னும் நல்ல கேள்வி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38 என்று அறிந்த பாட்டி அதையும் சொல்லிவிடுவார். விடையோடு அது ஏன் அப்படி அமைந்தது என்பதும் பேச்சில் வருவதால், இத்தகைய கேள்விகளை நான் மிகவும் விரும்புகிறேன்.

பெரியவர்கள் ஓர் அணி, சிறியவர்கள் ஓர் அணி என்று பிரிக்காமல், பாட்டியையும் பேரனையும் ஓர் அணியாக உட்கார வைத்து, இருவரும் கலந்து பேசியபின் விடையைச் சொல்லும் உரிமையைப் பேரனுக்குக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டவே வேண்டாம். வயதானவர்களிடம் சொல்வளமும் உலக அறிவும் நெடுங்காலம் குறையாமல் இருக்கின்றன. ஆனால் தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுப்பது வயதோடு கூடுகிறது. அவசரப்படுத்தினால் அவருக்கு அறிவு குறைவு என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள், அவரும் நினைத்துவிடுவார். ஆட்டம் நீண்டுகொண்டே போனால், ஆறு நிறத் துண்டுகளையும் சேர்க்க, ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டத்தில் காய் வந்து நிற்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, எந்தக் கட்டத்தில் சரியான விடை சொன்னாலும் அந்த நிறத் துண்டைக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள பழைய அட்டையில் கோள்கள் ஒன்பது என்றிருக்கிறது, என் பேத்தி எட்டு என்கிறாள். அட்டைக்கா, பேத்திக்கா, யாருக்கு மதிப்பெண் தருவது?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பேத்திக்குத்தான். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. இந்திய மாநிலங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான்: 2014இல் தெலங்கானா உருவானதும் 29 ஆனது, 2019இல் ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியானதும் 28 ஆனது. அச்சான பின் மாறியவை ஒருபுறமிருக்க, அச்சாகும்போதே தவறாக இருந்தவையும் உண்டு. பொது அறிவு நூல் எழுதிய பிரெட் வொர்த் என்பவர், தம் நூலிலிருந்து யாராவது எடுத்தாண்டால் கண்டுபிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை அதில் சேர்த்திருந்தார். அந்தப் பொய் அப்படியே ட்ரிவியல் பர்சூட் அட்டையில் வந்துவிட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் அந்த வழக்கு நிற்கவில்லை. ஆகவே அட்டையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். ஐயம் எழுந்தால் இரு தரப்புக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ஆட்டம் முடிந்தபின் பேத்தியே சரிபார்த்து, அட்டையில் விடையைத் திருத்திப் பக்கத்தில் ஆண்டையும் எழுதி வைக்கட்டும்.