எச்எஃப்பில் பேச ஹேக்ஆர்எஃப் போதுமா, வேறு எஸ்டிஆர் வாங்க வேண்டுமா?

அமெச்சூர் ரேடியோ உரிமம் புதிதாகக் கிடைத்திருக்கிறது, எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான சிற்றலை) எஸ்எஸ்பியில் (குரலை அனுப்பும் முறை) பேச வேண்டும், எஃப்டி8-உம் (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) செய்ய வேண்டும், 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் (சிக்னலை மென்பொருளால் கையாளும் ரேடியோ) வாங்கினால் எல்லாமே முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாழ்த்துகள். நீங்கள் சொன்ன வேலைக்கு அது போதாது. ஹேக்ஆர்எஃப் மோசமான கருவி என்பதால் அல்ல, அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதால்.

எந்த எஸ்டிஆரை எடுத்தாலும் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது இந்த அதிர்வெண் அகலம்தான். எச்எஃப்பில் பேசப் போகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான் என்பது என் கருத்து. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்), 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளில் நமக்குக் கிடைப்பது சில நூறு கிலோஹெர்ட்ஸ். அந்தச் சின்ன இடத்துக்குள், பலமான சிக்னல்கள் சுற்றி நிற்கும்போது, பலவீனமான ஒரு நிலையத்தைக் கேட்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. இரவில் 40 மீட்டரைத் திறந்து பாருங்கள். உலகின் பெரும்பகுதியில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் பெரிய பவரில் இயங்குகின்றன. அவற்றின் காலடியில்தான் நம் ஆட்கள் 100 வாட்டிலும் 5 வாட்டிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் பிட் கணக்கு வருகிறது. ஏடிசியின், அதாவது சிக்னலை எண்களாக மாற்றும் பகுதியின், ஒவ்வொரு பிட்டும் பலமானதற்கும் பலவீனமானதற்கும் நடுவே கோட்பாட்டளவில் சுமார் 6 டெசிபெல் இடம் தருகிறது. 8 பிட்டுக்கு 50 டெசிபெல், 12 பிட்டுக்கு 74, 14 பிட்டுக்கு 86, 16 பிட்டுக்கு 98 என்று வரும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சின்ன யுஎஸ்பி ரிசீவரும் (டாங்கிள்) ஹேக்ஆர்எஃப்பும் 8 பிட். வெறும் 50 டெசிபெலை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்பீர்கள். வினாடிக்கு 2.4 மெகா சாம்பிள் எடுத்து, அதை 2.4 கிலோஹெர்ட்ஸ் குரல் அகலத்துக்கு மென்பொருள் வடிகட்டும்போது, மீதி இடத்தில் பரவியிருக்கும் இரைச்சல் வெளியே போய்விடும். அதில் 30 டெசிபெல் லாபம். அதனால் அமைதியான பேண்டில் 8 பிட் டாங்கிளும் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஏடிசி ஒருமுறை நிரம்பி வழிந்துவிட்டால் இந்த லாபத்தால் பயனில்லை. பலமான நிலையத்துக்காக கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தால் பலவீனமானது இரைச்சலுக்கு அடியில் போய்விடும். குறைக்காவிட்டால் வாட்டர்ஃபால் (திரையில் ஓடும் சிக்னல் படம்) முழுக்க இல்லாத நிலையங்கள் முளைக்கும்.

அந்தப் போலிகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆண்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றைப் போடுங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபெல் இறங்கும். ஓவர்லோடால் பிறந்தது 20, 30 என்று சரியும், பெரும்பாலும் மறைந்தே போகும். புதிய கருவி எது கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான்.

அப்புறம், எச்எஃப்பில் உணர்திறனைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். வானத்திலிருந்தும் வீட்டு மின்சாதனங்களிலிருந்தும் வரும் இரைச்சல், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பொதுவாக அதிகம். ஆண்டெனாவைச் செருகியதும் இரைச்சல் மட்டம் தெளிவாக ஏறுகிறதா? அந்த கெயினே போதும், அதற்கு மேல் ஏற்றினால் ஓவர்லோட்தான் மிஞ்சும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விஎச்எஃப், யுஎச்எஃப் போனால்தான் ரிசீவரின் சொந்த இரைச்சல் முக்கியமாகிறது. அங்கே அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டலின் துல்லியமும் சேர்ந்துகொள்ளும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை 14 மெகாஹெர்ட்ஸில் 280 ஹெர்ட்ஸ்தான், 432 மெகாஹெர்ட்ஸில் 8.6 கிலோஹெர்ட்ஸ். எஃப்டி8-க்கு நிலையான பிழையைவிட நகர்ந்துகொண்டே இருக்கும் பிழைதான் எதிரி, ஏனென்றால் அதன் தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளிதான் இருக்கிறது.

சரி, டிரான்ஸ்மிட் பக்கம் வருவோம். ஹேக்ஆர்எஃப்பிலிருந்து வெளியே வருவது மில்லிவாட் கணக்கில்தான். அதை 5 வாட் ஆக்கவே பல கட்ட ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒவ்வொரு பேண்டுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஹார்மோனிக்ஸ் (நம் அதிர்வெண்ணின் மடங்குகளில் கிளம்பும் சிக்னல்கள்) வேறொருவரின் அலைவரிசையில் போய் விழும். உரிமம் வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. கேட்பதற்கும் பேசுவதற்கும் இடையே மாற்ற ரிலே வேண்டும். இதில் ஒரு இடம் தவறினாலும் ஆபத்து, ஏனென்றால் ஹேக்ஆர்எஃப்பின் உள்ளீடு தாங்குவது மைனஸ் 5 டிபிஎம் வரை, அதாவது அரை மில்லிவாட்டுக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். இவ்வளவையும் கட்டி முடிக்கிற ஆர்வம் இருந்தால் அது அருமையான திட்டம். இந்த மாதமே பேண்டில் ஏறி நாலு பேரிடம் பேச வேண்டும் என்றால் அது வழி அல்ல.

உங்களுக்கு நான் சொல்வது, எஸ்டிஆரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சாதாரண ரேடியோவாக இருக்கும் கருவி. ஐகாம் ஐசி-7300 நல்ல உதாரணம். 2016-இல் வந்தது, ஆண்டெனா சிக்னலை நேராகச் சாம்பிள் செய்கிறது, 14 பிட் ஏடிசி, அதற்கு முன்னால் பேண்ட்-பாஸ் ஃபில்டர்கள், வெளியே 100 வாட். எச்எஃப்புடன் 50 மெகாஹெர்ட்ஸும் உண்டு. சவுண்ட் கார்டு உள்ளேயே இருப்பதால் ஒரே யுஎஸ்பி கேபிளில் எஃப்டி8 ஓடிவிடும். கையில் தூக்கிக்கொண்டு வெளியே போகும் ஆள் என்றால் 10 வாட் ஐசி-705 பாருங்கள்.

கணினியோடுதான் வாழ்வேன் என்றால் ஹெர்மிஸ் லைட் 2 எனக்கு மிகவும் பிடித்தது. வடிவமைப்பு முழுக்கத் திறந்த மூலம், 12 பிட், வினாடிக்கு 76.8 மெகா சாம்பிள், 5 வாட், இணைப்பு ஈதர்நெட்டில். பிராட்பேண்ட் மோடங்களுக்காக வந்த சிப் ஒன்றை வைத்து ஒரு முழு எச்எஃப் ரேடியோவைச் செய்திருக்கிறார்கள். லோ-பாஸ் ஃபில்டர் போர்டையும் சேர்த்தே வாங்குங்கள். மோர்ஸ் அடிக்கிற ஆசை இருந்தால் மட்டும் தாமதத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் (புள்ளியின்) நீளம் 60 மில்லிவினாடி. கணினி வழியாக வரும் சைட்டோன் (நாம் அடிப்பதை நமக்கே கேட்க வைக்கும் ஒலி) 100 மில்லிவினாடி தாமதித்தால் கை தடுமாறும். சைட்டோனைக் கருவியிலேயே உண்டாக்கும் அமைப்பைத் தேடுங்கள்.

கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆரில் தொடங்குவதில் தவறே இல்லை. வி3 மாடல் எச்எஃப்பை நேரடி சாம்பிளிங்கில் எடுப்பதால் 14.4 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து மடங்கும், 14.6-இல் இருப்பது 14.2-இல் வந்து நிற்கும். வி4-இல் எச்எஃப்பை மேல் அதிர்வெண்ணுக்கு ஏற்றும் அப்கன்வெர்ட்டர் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எச்எஃப்பைக் கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி இன்னும் நல்லது. அதன் அகலம் 1 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை, ஆனால் பலமான நிலையங்களுக்கு நடுவே அது கேட்கிற விதம் 8 பிட் டாங்கிள்களுக்கு எட்டாது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இணையத்தில் யாரும் கேட்கும்படி வைத்திருக்கும் கிவிஎஸ்டிஆர் என்ற ரிசீவர் ஒன்றைத் திறந்து, நீங்கள் பேச நினைக்கும் பேண்டை நீங்கள் பேச நினைக்கும் நேரத்தில் கேளுங்கள். அது 0 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும் 14 பிட் ரிசீவர், செலவு எதுவும் இல்லை. பிறகு உங்கள் ரிசீவர் வந்ததும் அதே பேண்டை இரண்டிலும் ஒப்பிடுங்கள். இரைச்சல் உங்களிடம் மட்டும் அதிகமாக இருந்தால் குறை பெரும்பாலும் ரேடியோவில் இருக்காது. வீட்டில் ஓடும் சார்ஜர், எல்இடி விளக்கு, யுஎஸ்பி கேபிள் ஒவ்வொன்றாக அணைத்தும் கழற்றியும் பாருங்கள், கேபிள்களில் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் வளையம்) மாட்டுங்கள், ஆண்டெனாவை வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

ஹேக்ஆர்எஃப் மேல் மனம் இருந்தால் இரண்டாவது கருவியாக வாங்குங்கள். குனு ரேடியோ என்ற மென்பொருளில் சிக்னல்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைப் போல வேறொன்றைச் சொல்வது கடினம். முதலில் ஆண்டெனாவே இல்லாமல் டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக சக்தியை விழுங்கும் ரெசிஸ்டர்) தொடங்குங்கள், பெரிய ரேடியோ டிரான்ஸ்மிட் செய்யும்போது ஹேக்ஆர்எஃப்பின் ஆண்டெனாவைக் கழற்றியே வையுங்கள்.