புல் உயரம், களை, சிட்டி நோட்டீஸ்: அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களின் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு நன்றாகத் தெரிந்தது டெக்சாஸ் விதிகள். மற்ற மாநிலங்களைப் பற்றித் தெரிந்தவரை சொல்கிறேன்.

டாலஸ்: ஊருக்குப் போய்த் திரும்பினால் புல் உயர்ந்துவிட்டது என்று கதவில் சிட்டி நோட்டீஸ். என்ன செய்வார்கள்?

இன்றைக்கே வெட்டிவிடுங்கள். வெட்டியதும் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, நோட்டீஸில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டாலஸில் வரம்பு 12 இன்ச். மாநிலச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 7 நாள் பார்ப்பார்கள், அதற்குள் வெட்டவில்லை என்றால் சிட்டியே ஆள் விட்டு வெட்டிவிட்டுச் செலவை உங்களிடம் கேட்கும், கட்டாவிட்டால் அது வருடத்துக்கு 10 சதவீத வட்டியோடு வீட்டின் மேல் லியனாக (சொத்தின் மேல் பதிவாகும் கடன் பிடிப்பாக) ஏறி, விற்கப்போகும் நேரத்தில் வந்து நிற்கும். ‘ஒரு வருடத்துக்குள் மறுபடி வளரவிட்டால் இன்னொரு நோட்டீஸ் இல்லாமலேயே வெட்டுவோம்’ என்றும் அதே தாளில் எழுதியிருக்கலாம். அதனால் கடைசி வரி வரை படியுங்கள். 14 இன்ச் வளர்ந்த புல்லை ஒரே தடவையில் மொட்டையடித்தால் வேர் வாடிவிடும். முதலில் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டு, சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

ஆஸ்டினில் எத்தனை இன்ச்?

12.

சிகாகோ?

சராசரி 10 இன்ச். அபராதம் கடுமை, ஒரு நாளைக்கு 500 டாலருக்குக் குறையாது.

சிட்டி 12 இன்ச் விடுகிறது, எச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம்) 6 இன்ச்சுக்கே கடிதம் போடுகிறது. எது செல்லும்?

இரண்டும். எச்ஓஏ விதிகளை ஏற்றுத்தான் வீடு வாங்கியிருக்கிறீர்கள். டெக்சாஸில் அபராதம் போடுவதற்கு முன் சரிசெய்ய அவகாசம் தரவேண்டும், 30 நாளுக்குள் எழுதிக் கேட்டால் உங்கள் தரப்பையும் கேட்டாகவேண்டும். எழுதிக் கேளுங்கள், போனில் பேசியது பதிவில் நிற்காது. வறட்சி தாங்கும் செடிகள் வைப்பதை எச்ஓஏ அடியோடு தடுக்கவும் முடியாது.

முன்பக்கம் தண்டுக்கீரை போட்டிருக்கிறேன், இடுப்பு உயரம் வந்துவிட்டது. களை என்கிறார்கள்.

அந்த இனத்துச் செடிகள் இங்கே வயலில் களையாக முளைப்பவை, அதிகாரி கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பாத்தி கட்டுங்கள், ஓரத்தில் செங்கல் வையுங்கள், பெயர்ப் பலகை குத்துங்கள். வளர்த்தது என்று பார்த்தவுடன் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முன்பக்கம் கீரை போட்டால் தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் விலை இறங்கும். பேக்யார்டில் போடச் சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். வெயில் விழும் இடத்தில்தான் கீரை வரும், பலருக்கு அது முன்பக்கம்தான். ஃபுளோரிடாவில் 2019 முதல் முன்பக்கக் காய்கறித் தோட்டத்தை உள்ளாட்சிகள் தடுக்கக் கூடாது. இல்லினாயிலும் 2022-இல் தோட்ட உரிமைச் சட்டம் வந்தது. ஃபுளோரிடா சட்டம் கட்டுவது சிட்டியையும் கவுன்ட்டியையும்தான் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போல), எச்ஓஏ வேறு.

விலையைப் பற்றிப் பதில் சொல்லவில்லையே? பக்கத்து வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா?

உண்டு. கொசு, எலி, நடைபாதைக்குச் சாய்ந்த செடி என்றால் புகார் கொடுங்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன். பார்க்கப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவர் சாப்பாட்டுக்கு வளர்த்ததைப் பிடுங்கச் சொல்வது நியாயமே இல்லை. கீரை விவாதம் போதும், நோட்டீஸோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கங்குங் கீரை (வள்ளைக்கீரை) போடலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து விதை வரும்.

வேண்டாம். அது மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவதும் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதும் குற்றம். குளம், வாய்க்காலில் படர்ந்தால் பாயாக மூடிவிடும்.

களைக்கு உப்பும் வினிகரும் கலந்து ஊற்றலாமா?

உப்பு வேண்டவே வேண்டாம், மண் கெடும். கடை மருந்து என்றால் லேபிளில் சொன்ன அளவு மட்டும், அதை மீறுவது சட்டப்படி குற்றம்.

நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் புல் யார் வெட்டவேண்டும்?

பெரும்பாலான ஊர்களில் நீங்கள்தான்.

நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

எங்கள் ஊரில் எத்தனை இன்ச்?

ஊர் பெயரே சொல்லாமல் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். சிட்டி தளத்தில் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் (ஊர் விதிகளை அமல்படுத்தும் பிரிவு) பக்கத்தில் இருக்கும். வாடகைக்கு விட்ட வீடு என்றால் நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போகிறது என்று கவுன்ட்டி சொத்துப் பதிவில் இன்றே பாருங்கள், பழைய முகவரியாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.